ஹட் பே கப்பலில் குளிரைச் சேமித்தவன்

“புதன்கிழமை. காலை 6.20. ஹட் பே ஜெட்டி. பெட்டி: 4.6 டிகிரி. கடல்: அமைதி. நான்: அதைவிட அமைதி.”

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரி மாதம் என் குறிப்பேட்டில் நான் எழுதிய வரி இது. நீல மை, அச்சடித்தது போன்ற கையெழுத்து. அதே பக்கத்தின் அடியில், பிற்பகல் 3.50க்கு எழுதிய கடைசிப் பதிவில் நான்கே சொற்கள் இருக்கின்றன: “தர்ஷினி படித்தாள். பேசவில்லை. உட்கார்ந்தாள்.”

இந்த இரண்டு வரிகளுக்கும் நடுவில் நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலில் ஓர் ஒப்புதல். எல்லாவற்றையும் நேரம் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவன் முட்டாள்தனம் செய்யக் கூடாது. செய்தால் சாட்சிக்கு வெளியே போய் ஆள் தேட வேண்டியதில்லை. அவன் சட்டைப் பையிலேயே, அவன் கையெழுத்திலேயே, நிமிடக் கணக்கோடு எல்லாம் இருக்கும்.

எனக்கு இந்தப் பழக்கம் உத்தியோகத்தால் வந்தது. அந்தமானின் போர்ட் பிளேரில் (இப்போது பெயர் மாறிவிட்டது, எங்கள் வீட்டில் இன்னும் மாறவில்லை) கப்பல்கள் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் பதிவேட்டில் எழுதும் வேலை எனக்கு. முப்பது வருடத்துக்கு மேல் அதையே செய்தவன் வீட்டுக்கு வந்து சும்மா இருப்பானா? முதல் மழை பெய்த நேரம், மின்சாரம் போன நேரம், பக்கத்து குவார்ட்டர்ஸ் சேவல் தாமதமாகக் கூவிய நாள் எல்லாம் என் குறிப்பேடுகளில் ஏறின. அவற்றை இதுவரை யாரும் படித்ததில்லை. பிறர் படித்த ஒரே பக்கம் மேலே சொன்னதுதான். அதுவும் நானே வலியக் கொண்டுபோய்க் கையில் கொடுத்ததால்.

தர்ஷினி என் தங்கை வசந்தாவின் மகள். வசந்தா தெற்கே லிட்டில் அந்தமான் தீவில், ஹட் பேயில் பள்ளிக்கூட ஆசிரியை. பெண் ஆராய்ச்சிப் படிப்புக்காக போர்ட் பிளேர் டெலானிபூரில் எங்கள் குவார்ட்டர்ஸில் தங்கியிருந்தாள். அவளுடைய ஆராய்ச்சி மஞ்சளைப் பற்றியது. நம் வீட்டு மஞ்சளைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்று நான் முதல் நாள் கேட்டு வைத்தேன். (முதல் நாளே ஆரம்பித்துவிட்டேன் என்பதைக் கவனிக்கவும்.)

“மஞ்சள்ல குர்குமின்னு ஒண்ணு இருக்கு மாமா. வீக்கத்தைக் குறைக்கும். ஆனா தண்ணியில கரையாது. நாம சாப்பிட்டா முக்கால்வாசிய உடம்பே வெளிய தள்ளிரும். வலிக்கிற மூட்டுக்குப் போயே சேராது.”

“மெயின்லேண்ட்ல இருந்து நமக்கு வர்ற பார்சல் மாதிரின்னு சொல்லு.”

“கிட்டத்தட்ட. அதனால அதைக் கண்ணுக்குத் தெரியாத கொழுப்பு உருண்டைக்குள்ள அடைச்சு அனுப்பணும். உருண்டை பத்திரமா எடுத்துட்டுப் போய் அங்க இறக்கும். அதுதான் நானோ கடத்தி.”

ஒரு தலைமுடியின் குறுக்காக அந்த உருண்டைகளை நூற்றுக்கணக்கில் அடுக்கலாம் என்றாள். எனக்கு மெய்சிலிர்த்தது. முப்பது வருடம் கப்பல்களை எண்ணியவனுக்கு, ஒரு துளிக்குள் கோடிக்கணக்கான கப்பல்கள், ஒவ்வொன்றிலும் மஞ்சள் சரக்கு என்றால் எப்படி இருக்கும்? மறுநாளே நூலகத்திலிருந்து இரண்டு புத்தகங்கள் எடுத்து வந்தேன். அடுத்த வாரத்திலிருந்து எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் முழங்கால் வலிக்கிறது என்று வாய்திறந்து சொல்லும் தைரியம் இல்லாமல் போயிற்று. சொன்னால் நான் அரை மணி நேரம் விளக்குவேன்.

உருண்டைகளைச் செய்வது அவளுக்குப் பெரிய காரியமாக இல்லை. அவை தாக்குப்பிடிக்குமா என்பதுதான் அவளுடைய கேள்வி. ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். இந்த மருந்து ஒருநாள் தீவுகளுக்கு வந்தால் சாதாரண வீட்டு ஃப்ரிட்ஜில், தினமும் மின்சாரம் போய் வரும் ஊரில் இருக்க வேண்டுமே? அதைச் சோதிப்பதற்காக, மஞ்சள் நிறத் திரவம் நிரப்பிய சின்னச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளைத் தன் அம்மாவின் ஃப்ரிட்ஜில், ஹட் பேயில், மூன்று மாதம் வைத்தாள்.

அந்த மூன்று மாதமும் வசந்தா அந்தக் குப்பிகளைக் காவல் காத்த கதையைத் தனியாக எழுதலாம். தோசை மாவுக்குப் பின்னால் வைத்து, “தொட்டா கை இருக்காது” என்று ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள். மின்சாரம் போனால் ஃப்ரிட்ஜ் கதவை யாரும் திறக்கக் கூடாது. என் மச்சான் மூன்று மாதம் பானைத் தண்ணீர் குடித்தார். ஒருமுறை பதினோரு மணி நேரம் மின்சாரம் இல்லாதபோது, ஃப்ரிட்ஜுக்குக் கம்பளி போர்த்திவிட்டு அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து பரீட்சைத் தாள் திருத்தினாளாம். குப்பிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மூன்று மாதம் முடிந்ததும் அவை போர்ட் பிளேர் வர வேண்டும். வியாழக்கிழமை காலை விமானத்தில் தர்ஷினி அவற்றைச் சென்னைக்கு எடுத்துப் போக வேண்டும். அங்கே ஓர் ஆய்வகத்தில், உருண்டைகள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்க்கும் பெரிய கருவி ஒன்றில் அவளுக்கு ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். அந்த ஒரு நாளுக்காக அரை வருடம் காத்திருந்தாள். அது தவறினால் ஆய்வேட்டைக் கொடுக்கும் தேதியும் தள்ளிப்போகும். ஒப்பிட்டுப் பார்க்கப் புதுக் குப்பிகளும் செய்ய வேண்டியிருந்ததால் அவளால் ஆய்வுக்கூடத்தை விட்டு நகர முடியவில்லை.

“யாராவது கப்பல்ல வர்றவங்ககிட்ட கொடுத்து அனுப்பச் சொல்லவா?” என்று கேட்டாள். எங்கள் தீவுகளில் எல்லாம் அப்படித்தான் போகும், வரும். முருங்கைக்காயிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை, கப்பலில் போகிற யாரோ ஒருவர் கையில்.

“யாரோ எதுக்கு? நான் எதுக்கு இருக்கேன்?” என்றேன்.

என் மனைவி லலிதா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். (அதையும் எழுதிவைத்திருக்கிறேன்: “திங்கள், காலை 8.05. லலிதா பார்த்தாள்.”)

தர்ஷினி தெர்மோகோல் பெட்டி ஒன்றும், நீண்ட ஒயர் வைத்த சின்ன வெப்பமானி ஒன்றும், உறைந்த ஜெல் பைகளும் கொடுத்தாள். வழிமுறைகளை அவள் சொல்லச் சொல்ல நானே ஒரு தாளில் எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டினேன். “இரண்டு முதல் எட்டு டிகிரி வரை. ஐஸ் நேரடியாகக் குப்பியில் படக் கூடாது. துணி சுற்றவும். வெயில் கூடாது. குலுக்கக் கூடாது.” எட்டுக்குச் சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். இரண்டுக்குக் கோடு எதுவும் போடவில்லை. அந்த எண் அங்கே இருந்தது, நானும் படித்தேன். படிக்கவில்லை என்று சொல்லித் தப்பிக்கும் வழியை என் கையெழுத்து அன்றே அடைத்துவிட்டது.

“மாமா, அரை மணிக்கு ஒரு தடவை பார்த்தாப் போதும்” என்றாள்.

“கால் மணிக்கு ஒரு தடவை எழுதுறேன்.”

“அவ்வளவு வேண்டாம் மாமா.”

“உனக்கு வேண்டாமா இருக்கலாம். விஞ்ஞானத்துக்கு வேணும்.”

செவ்வாய்க் கப்பலில் போனேன். புதன் காலை திரும்பும் கப்பல். ஜெட்டியில் வசந்தா குப்பிகளை எடுத்துக் கொடுத்தாள். நான் எண்ணி எழுதினேன்: பன்னிரண்டு. மொத்தம் எத்தனை இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை. இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணே, அவ சொன்னதை மட்டும் செய்யி. புஸ்தகத்துல படிச்சதை எல்லாம் செஞ்சி பாத்திராத, என்ன?”

“நான் என்ன சின்னப் பிள்ளையா?”

“சின்னப் பிள்ளைன்னா சொன்னாக் கேக்கும்லா” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய கப்பல் கிளம்பவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நோயாளியை ஏற்றக் காத்திருந்தார்கள். நியாயம்தான். எட்டு நாற்பதுக்குக் கிளம்பியபோது பெட்டி 6.3. ஒன்பது மணிக்கு நான் இருந்த, அடுக்குப் படுக்கைகள் கொண்ட பங்க் அறையில் ஏசி நின்றது. ஒன்பதரைக்கு 7.2. ஒன்பதே முக்காலுக்கு 7.5. பத்து மணிக்கு 7.9.

சிவப்புக் கோடு போட்ட எட்டு, பாறை மாதிரி எதிரே வந்துகொண்டிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினேன். அங்கே நிழலில் வரிசையாக மீன் பெட்டிகள். அவற்றின் மேல் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஜமால் பாய் என்று பெயர். பூர்வீகம் ராமநாதபுரம் பக்கம், ஹட் பேயிலிருந்து போர்ட் பிளேருக்கு மீன் கொண்டுபோய்க் கொடுப்பவர்.

“க்யா ஹுவா சார்? என்னாச்சு? முகம் இப்படி வேர்க்குது. உள்ள என்ன மீனு?”

“மீன் இல்லை பாய். மருந்து. நானோ.”

“நானோன்னா?”

“ரொம்ப ரொம்பச் சின்னது.”

“நெத்திலிய விடவா?”

விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். முடிந்ததும், “இதுக்குப் போய் ஏன் சார் பயம்? பரஃப் எடுத்துக்கங்க, நம்ம பெட்டியில நெறைய கெடக்கு” என்று இரண்டு கை நிறைய ஐஸ் அள்ளிக் கொடுத்தார். துணி சுற்றிய குப்பிகளைச் சுற்றி அடுக்கினேன்.

“10.15. 5.8 டிகிரி. ஜமால் பாய் வாழ்க.”

வேறு மனிதன் என்றால் இந்த இடத்தில் பெட்டியை மூடிவிட்டு ஒரு டீ குடித்திருப்பான். கதையும் முடிந்திருக்கும். ஆனால் 10.20க்கு ஒலிபெருக்கியில் ஓர் அறிவிப்பு வந்தது. கடலில் அலை கூடியிருக்கிறது, கப்பல் மெதுவாகத்தான் போகும், போர்ட் பிளேர் சேர நாலு மணி ஆகலாம்.

தீவில் வாழாதவர்களுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கப்பல் தாமதம் என்ற சொல் காதில் விழுந்தால் தீவுக்காரனுக்குள் ஏதோ ஒன்று திருகிக்கொள்ளும். மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை என்றால் வெங்காயம் இருக்காது, உருளைக்கிழங்கு இருக்காது. அதனால் ஒரு கப்பல் வந்தால் மூன்று கப்பலுக்கானதை வாங்கிப் போடுவோம். எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு வெங்காய மூட்டை உண்டு. கேஸ் சிலிண்டர், பருப்பு, மெழுகுவர்த்தி எதுவானாலும் இருக்கும்போதே சேர்த்து வை, பிறகு கிடைக்காது. இது எங்கள் ரத்தத்தில் ஊறியது.

அன்று நான் குளிரைச் சேர்த்து வைக்க முடிவு செய்தேன்.

இன்னும் ஆறு மணி நேரம். வெயில் ஏறும். ஐஸ் உருகும். இப்போது கிடைக்கும்போதே குளிரை நன்றாக நிரப்பிக்கொண்டால், போகப் போகச் செலவழித்துக்கொள்ளலாம் அல்லவா? வெங்காயத்துக்குப் பொருந்துவது குளிருக்குப் பொருந்தாதா? அதோடு ஐஸில் உப்புப் போட்டால் இன்னும் குளிரும் என்று எப்போதோ ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். நிறையப் படிப்பதில் இது ஒரு சங்கடம். எதை எப்போது மறக்க வேண்டும் என்று எந்தப் புத்தகமும் சொல்வதில்லை.

கேன்டீனுக்குப் போய் உப்பு கேட்டேன். அங்கிருந்த வங்காளி தாதா (அண்ணன் என்று அர்த்தம்) ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். இது போதாது, பாக்கெட்டாக வேண்டும் என்றேன். “பூரா பாக்கெட்? கஹான் டாலோகே?” முழுப் பாக்கெட்டையும் எங்கே போடப் போகிறாய் என்று கேட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொடுத்துவிட்டார்.

“சார், பரஃப் மேல உப்பா?” என்றார் ஜமால் பாய். “முப்பது வருசமா மீன் கொண்டு போறேன், வெறும் ஐஸ்தான் போடுறேன். உப்பு எதுக்கு? ஐஸ்கிரீம் போடப் போறீங்களா?”

“பாருங்க பாய். இதுதான் விஞ்ஞானம்.”

முக்கால் பாக்கெட் கொட்டினேன். 10.30க்கு 1.8 டிகிரி. பத்துப் பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். தமிழ், ஹிந்தி, தெரிந்த அளவு வங்காளம் என்று மூன்று மொழியிலும் நான் நானோ கடத்திகளைப் பற்றிப் பிரசங்கம் செய்தேன். ஒருவர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இன்னொருவர் தன் மாமியாரின் முட்டி வலிக்கு மருந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அந்தப் பரபரப்பில் 10.45 பதிவை எழுதவில்லை. அன்றைய பக்கத்தில் காலியாக இருக்கும் ஒரே கட்டம் அதுதான்.

பதினொரு மணிக்குப் பார்த்தேன். மைனஸ் 4.2.

கூட்டத்தில் யாரோ கைதட்டினார்கள். (நான்தான் என்று ஜமால் பாய் பிறகு சொன்னார்.)

பாய் மட்டும் பெட்டி மூடியில் ஒட்டியிருந்த என் வழிமுறைத் தாளைக் குனிந்து படித்துக்கொண்டிருந்தார். “சார், இதுல ரெண்டுல இருந்து எட்டுன்னு போட்டிருக்கு. மெஷின்ல மைனஸ் காட்டுதே?”

அதற்கு நான் சொன்ன பதிலை என் குடும்பத்தில் இன்று பேச்சுப் பழகும் குழந்தைகூடச் சொல்லும். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னேன்: “பாய், எட்டுங்கறது ஆபத்து. ரெண்டுங்கறது சிக்கனம்.”

அவர் நிமிர்ந்தார். “அப்ப சரி. படிச்சவங்க நீங்க” என்று மீன் பெட்டி மேல் மறுபடியும் சாய்ந்துகொண்டார்.

பதினொன்றரைக்கு மைனஸ் 6.4. அதன் பிறகு மதியம் முழுவதும் அந்தப் பக்கம் ஓர் அழகான பக்கம். கால் மணிக்கு ஒரு வரி, எல்லாம் மைனஸ், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சின்ன டிக். 1.15க்கு எதிரே மட்டும் “பெருமிதம்” என்று எழுதியிருக்கிறேன். என்ன பெருமிதம் என்று எழுதவில்லை. தேவைப்பட்டிருக்காது.

3.40க்குக் கப்பல் சேர்ந்தது. தர்ஷினி ஜெட்டியில் தன் ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தாள். மறுநாள் பயணத்துக்கான பை தோளிலேயே தொங்கியது. அன்று பகல் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்த்திருப்பாள் போல, ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றினாள். ஆனால் சிரித்தாள். “வந்துட்டீங்களா மாமா! எட்டைத் தாண்டலைல்ல?”

பெட்டியை முதலில் கொடுத்திருக்கலாம். நான் குறிப்பேட்டைக் கொடுத்தேன். “எட்டா? நீ இதைப் படி முதல்ல.”

அவள் படித்தாள். விரல் வரிவரியாக இறங்கியது. 7.9இல் ஒரு மூச்சை இழுத்துப் பிடித்தாள். 5.8இல் விட்டாள். 1.8இல் விரல் நின்றது. அப்புறம் காலிக் கட்டம். அப்புறம் பதினொரு மணி.

“மாமா, இந்தக் கோடு என்ன? எண்ணுக்கு முன்னால?”

“மைனஸ்! நாலரை மணி நேரமா கீழயே வச்சிருக்கேன். உப்புப் போட்டேன்.”

அவள் பேசவில்லை. பக்கத்தில் யாரோ இறக்கி வைத்திருந்த மூட்டை மேல் உட்கார்ந்தாள். (அது உருளைக்கிழங்கு மூட்டை. உரிமையாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துபோனார்.) பெட்டியைத் திறந்தாள். ஒரு குப்பியை எடுத்துச் சாய்த்தாள். உள்ளே இருந்தது அசையவில்லை. மஞ்சள் கல்.

“உறைஞ்சிருச்சு” என்றாள்.

“உருகினா சரியாயிடும்ல?” என்றேன். அப்போதுதான் என் குரல் இறங்கியது.

“உறையும்போது தண்ணி ஊசி ஊசியா ஆகும் மாமா. உருண்டையோட தோல் ரொம்ப மெல்லிசு. எல்லாத்தையும் குத்திக் கிழிச்சிருக்கும்.” பிறகு மிக மெதுவாகச் சொன்னாள்: “பதினோரு மணி நேரம் கரண்ட் இல்லாதப்பக்கூட அம்மா காப்பாத்திட்டாங்க.”

கப்பல்களை எண்ணிச் சம்பளம் வாங்கிய நான், ஒரே பகலில் எத்தனை கோடிக் கப்பல்களை மூழ்கடித்தேன் என்று எந்தப் பதிவேட்டிலும் எழுத முடியாது.

வீட்டில் சாப்பாட்டு மேஜை மேல் குப்பிகள் உருகின. மேலே தெளிந்த தண்ணீர், அடியில் மஞ்சள் வண்டல். கெட்டுப்போன பாலைப் பார்ப்பது போல லலிதா பார்த்தாள். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, ஆனால் எல்லோருக்கும் கேட்கும் குரலில், “டிகிரி பாக்குற மெஷின் கெட்டுப்போச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன? இதையுமா டிக் போட்டு எழுதிக் குடுப்பாங்க?” என்றாள்.

“இல்ல அத்தை” என்று தர்ஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். “மாமா எழுதாம விட்டிருந்தாத்தான் மோசம். உறைஞ்சது வழியிலயே உருகியிருந்தா, ஹட் பேயில மூணு மாசம் வச்சதாலதான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சிருப்பேன். அப்படியே தீசிஸ்லயும் எழுதியிருப்பேன்.”

என்னைப் பாராட்டுகிறாளோ என்று ஒரு கணம் நிமிர்ந்தேன். அவள் முகத்தில் அப்படி எதுவும் இல்லை. குனிந்துகொண்டேன்.

அப்போதுதான் அவள் குப்பிகளை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். “பன்னெண்டுதானா? நான் பதினஞ்சு வச்சேனே!”

குறிப்பேட்டைப் புரட்டினேன். பன்னிரண்டு. அடிக்கோடு வேறு. போனை எடுத்து வசந்தாவைக் கூப்பிட்டாள்.

“மூணு இங்கன இருக்கு. மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால” என்றாள் வசந்தா, ஒலிபெருக்கியில், ஏதோ வெங்காயம் இருக்கிறது என்பது போல.

“ஏம்மா கொடுக்கல?”

“எல்லாத்தையும் ஒரே கப்பல்ல யாராவது ஏத்துவாங்களாட்டீ? அதுவும் உங்க மாமா கையில?”

அதே தீவுப் புத்திதான். இருக்கும்போது சேர்த்து வை, எல்லாவற்றையும் ஒரே கப்பலை நம்பி விடாதே. அதை வைத்துத்தான் நான் பன்னிரண்டைக் கெடுத்தேன், அதை வைத்துத்தான் அவள் மூன்றைக் காப்பாற்றினாள்.

ஆனால் அந்த மூன்றும் மறுநாள் காலைக்குள் வந்துசேர வழியில்லை. தர்ஷினி புதுக் குப்பிகளையும் என் மஞ்சள் வண்டலையும் எடுத்துக்கொண்டு விமானம் ஏறினாள். மிச்சம் மூன்றும் இரண்டு வாரம் கழித்து, தடுப்பூசிப் பெட்டிகளோடு வந்த ஒரு நர்ஸ் கையில், 5 டிகிரியில் வந்துசேர்ந்தன. (நர்ஸ் ஒரு வரிகூட எழுதவில்லை.) கருவி மறுபடியும் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. உருண்டைகள் பெரும்பாலும் முழுசாக இருந்தன. வசந்தாவின் ஃப்ரிட்ஜ் ஜெயித்தது. ஆனால் ஆய்வேடு அந்த வருடம் போக வேண்டியது அடுத்த வருடம்தான் போனது. அவளோடு சேர்ந்தவர்கள் முடித்துவிட்டுப் போன பிறகு, அந்த மழைக்காலம் முழுக்க அவள் எங்கள் வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதினாள். இதை மட்டும் நான் நகைச்சுவையாகச் சொல்வதில்லை.

சென்னையிலிருந்து திரும்பி வந்த பின் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. (எண்ணியிருக்கிறேன்.) பன்னிரண்டாம் நாள் மதியம், சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்: “மாமா, அந்த உப்பை எடுங்க.”

எடுத்தேன். அவள் ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டு, “பார்த்தீங்களா, இவ்வளவு போதும்” என்றாள். லலிதாவுக்குப் புரையேறியது. பிறகு மூன்று பேரும் சிரித்தோம், நான் கடைசியாக.

அன்றிலிருந்து நான் எதிலாவது அளவு தாண்டுவதாகத் தோன்றினால், தர்ஷினி எங்கிருந்தாலும் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டுவாள். இரண்டுக்குக் கீழே போகிறீர்கள் என்று அர்த்தம். குடும்பம் முழுக்க அது பரவிவிட்டது. என் பணி ஓய்வு விழாவில் என் பேச்சு நாற்பதாவது நிமிடத்தைத் தொட்டபோது, முன்வரிசையில் லலிதா, வசந்தா, மச்சான், தர்ஷினி நால்வரும் ஒரே நேரத்தில் இரண்டு விரலைத் தூக்கினார்கள். வெற்றிச் சின்னம் என்று நினைத்து எங்கள் மேலதிகாரியும் எழுந்து நின்று இரண்டு விரலைத் தூக்கினார். அவரைப் பார்த்து மண்டபமே தூக்கியது. புகைப்படம் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

தர்ஷினியின் ஆய்வேட்டில் உறைந்த குப்பிகளுக்கு ஒரு பகுதி உண்டு. இந்த வகைக் கடத்திகள் உறையவே கூடாது என்பதற்கு ஆதாரமாக, பின்னிணைப்பில் என் குறிப்பேட்டுப் பக்கம் படமாகவே இடம்பெற்றிருக்கிறது, டிக்குகளோடும் “பெருமிதம்” என்ற சொல்லோடும். முப்பது வருடம் எழுதியவனின் முதல் பிரசுரம் அதுதான்.

அச்சுக்குப் போகும் முன் அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வெப்பமானி சரியாக எந்த நிமிடத்தில் பூஜ்யத்தைத் தாண்டியது? பத்தரைக்கு 1.8. பதினொன்றுக்கு மைனஸ் 4.2. நடுவில் எனக்குச் சாட்சி இல்லை. ஜமால் பாயைத் தேடிப் போய்க் கேட்டேன். “நீங்க அந்த மாமியார் முட்டிக்குப் பதில் சொன்னீங்கல்ல, அப்பத்தான் சார். நான் பார்த்தேன்” என்கிறார். அன்று டீயை மேல்தளத்துக்குக் கொண்டுவந்த கேன்டீன் தாதாவோ, அதைக் கொடுத்தபோதே மைனஸ் காட்டியது என்று சத்தியம் செய்கிறார். டீ வந்தது மாமியாருக்கு முன்பா, பின்பா என்று எனக்கே நினைவில்லை. இருவர் சொல்வதிலும் குறைந்தது எட்டு நிமிட வித்தியாசம் இருக்கிறது.

எனவே 10.45க்கு எதிரே உள்ள கட்டத்தை இன்னும் காலியாகவே வைத்திருக்கிறேன். பென்சிலில் ஒரு குறிப்பு மட்டும்: “பூஜ்யத்தைத் தாண்டிய நேரம் சரிபார்க்கப்படவில்லை. பதிவாளர் பேசிக்கொண்டிருந்தார்.”